ஊசியும் சக்கரமும்

போன புரட்டாசியில் ஒருநாள் தபால் நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி. என் முறை வந்ததும் கவுண்டரில் இருந்த பெண், "சாரே, உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"சட்டை."

"இத்தினிக்காணு பெட்டியிலயா?"

"பொம்மைக்கு உள்ள சட்டையாக்கும்" என்றேன். பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. 37 வருடம் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், பொம்மைச் சட்டைக்குத் தபால் தலை ஒட்ட நிற்கிறேனே என்று.

அந்தச் சட்டை என் மகன் வயிற்றுப் பேத்தி தைத்தது. பி.காம். முடித்துவிட்டு வீட்டிலிருந்தபடியே பொம்மைகளுக்கு ஆடை தைத்து, கைப்பேசியில் படம் போட்டு விற்கிறாள். பதினெட்டு அங்குல உயரப் பொம்மைகளுக்குக் கவுன், பாவாடை சட்டை. நவராத்திரி சமயத்தில் மரப்பாச்சிக்குப் புடவையும் வேட்டியும் கேட்டு ஆர்டர் வரும். மும்பைக்கும் பெங்களூருக்கும் பார்சல் போகும். அதைத் தபாலில் சேர்ப்பது என் பொறுப்பு. காலை நடையும் ஆயிற்று, வேலையும் ஆயிற்று.

அன்று வீட்டுக்கு வந்து, "பெரிய மனுசருக்குத் தைச்சாலாவது நாலு பேருக்கு உபகாரம். பொம்மைக்குப் போய்..." என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. தைத்து முடித்த ஒரு கவுனை எடுத்து என் முன்னால் வைத்தாள். உள்ளங்கை அகலம்தான். கீழ் விளிம்பில் சுண்டுவிரல் நகத்தின் அகலத்தில் வெள்ளை லேஸ் ஓடியது.

"இந்த லேஸ் எங்க உள்ளதுன்னு தெரியுதா தாத்தா? உங்க அம்மைக்க டிரங்குப் பெட்டியில இருந்தது."

பெரியவர்கள் உடையில் போடுகிற லேஸ் பொம்மைக்கு ஆகாது, அகலம் கூடிப்போகும் என்று அவள்தான் விளக்கினாள். பொம்மை ஆடையில் அதுதான் கஷ்டமாம். உடலைச் சின்னதாக்கலாம், துணியின் கனத்தைச் சின்னதாக்க முடியாது. பூப்போட்ட துணி என்றால் பூ பொடியாக இருக்க வேண்டும். மடித்துத் தைத்தால் தடித்துப்போகும். பொம்மையின் கை மடங்காததால் முதுகுப்பக்கம் முழுக்கத் திறப்பு வைக்க வேண்டும். ஒரு கவுனுக்கு ஏழு மணி நேரம் பிடிக்கும் என்றாள். அம்மையின் பெட்டியில் கிடந்த மெல்லிய லேஸ், பொம்மைக்கென்றே அளவெடுத்தது போல அமைந்துவிட்டது.

அந்த லேஸைத் தொட்டுப் பார்த்ததும் என் கூச்சம் போய்விட்டது. நம் ஊரில் ஊசியையும் நூலையும் அவ்வளவு லேசாகச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. அந்தக் கதையை இந்தத் தலைமுறைக்கு நாம் சொல்லவில்லை. என் தலைமுறைக்காரர்களே பாதிப் பேர் மறந்துவிட்டோம்.

1819ஆம் ஆண்டு லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் நாகர்கோயிலுக்கு வந்தார். கூட அவர் மனைவி மார்த்தா. மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்கவைக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்றைய டதி பெண்கள் பள்ளியின் வேர் அதுதான். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று எல்லாச் சாதியினரும் கேட்ட காலம். பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும், படிப்பு முடித்துப் போகிறவளுக்குக் கையில் ஒரு தொழிலும் வேண்டும். 1821இல் அவர் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்.

இப்போது கடையில் மீட்டர் கணக்கில் வாங்குகிறோமே, அந்த லேஸ் இல்லை இது. வைக்கோலோ வேறெதுவோ அடைத்துக் கெட்டியாக்கிய ஒரு தலையணை. அதன்மேல் தடித்த தாள். தாளில் பூவின் வடிவத்துக்குப் புள்ளி புள்ளியாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு குண்டூசி. நூலை விரல் நீளக் குச்சிகளில் சுற்றி, அந்தக் குச்சிகளை இரண்டிரண்டாகத் தொங்கவிடுவார்கள். வேலை என்று பார்த்தால் இரண்டே அசைவுதான்: நூலை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போடுவது, பிறகு முறுக்குவது. அந்த இரண்டு அசைவையும் ஆயிரம் தடவை திருப்பித் திருப்பிச் செய்தால் ஒரு பூ வரும். பூ சிக்கலானதென்றால் குச்சிகளின் எண்ணிக்கையும் ஏறும். வெள்ளை நூல், கை வியர்க்கக் கூடாது. நம்மூர் ஐப்பசிப் புழுக்கத்தில் வியர்வை படாமல் வெள்ளை நூலைப் பின்னுவதென்றால் என்ன பாடு என்று நினைத்துப் பாருங்கள்.

இதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்தது வேறு. டெவன் மாகாணத்தின் ஹானிட்டன் ஊரைச் சுற்றிய கிராமப் பெண்கள் கையால் பின்னும் லேஸுக்குப் பேர் போனவர்கள். ஆனால் 1809இல் ஜான் ஹீத்கோட் என்பவர் லேஸ் வலை நெய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1816இல் கோபம் கொண்ட தொழிலாளிகள் அவருடைய லஃப்பரோ ஆலையில் புகுந்து இயந்திரங்களை நொறுக்கினார்கள். அவர் ஆலையை எங்கே கொண்டுபோனார் தெரியுமா? அதே டெவனில் உள்ள டிவர்ட்டனுக்கு. 1840இல் விக்டோரியா மகாராணி தன் கல்யாண உடைக்கு ஹானிட்டன் லேஸ் கேட்டு வாங்கினார். அந்தக் கைத்தொழில்காரப் பெண்களுக்கு வேலை கொடுத்ததாகவும் ஆயிற்று. ஆக, இங்கிலாந்தில் இயந்திரத்தின் கையில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த தொழில், நாகர்கோயிலில் ஓலைக் கூரையின் கீழ் புதிதாக முளைத்தது.

பின்னிய லேஸை யார் வாங்குவது? உள்ளூரில் அதற்குத் தேவை இல்லை. மிஷனரி மனைவிமார் தங்கள் சிநேகிதிகளுக்கு எழுதினார்கள். சென்னை, பெங்களூர் போன்ற இடங்களில் இருந்த வெள்ளைக்கார வீடுகளுக்கும், கடல் தாண்டி இங்கிலாந்துக்கும் சிப்பம் போயிற்று. சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல். அதற்கு முன்னால் பாய்மரக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போய்ச்சேர நாலைந்து மாதம் ஆகும். சரக்கு போய்ச் சேர்ந்து, பணம் திரும்பி வருவதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும். முகம் தெரியாத ஒருத்தி கழுத்துப் பட்டிக்கு, முகம் தெரியாத இன்னொருத்தி பின்னிக் கொடுத்தாள். என் பேத்தி கைப்பேசியில் செய்வதும் இதைத்தான். நடுவில் கப்பல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

லேஸ் விற்ற பணம் பள்ளிச் செலவுக்கும் போயிற்று. பின்னிய பெண்கள் கையிலும் ஒரு பங்கு வந்தது. அந்தப் பங்குதான் முக்கியம்.

அன்றைய திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படியே இருந்தது. 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 12.8 லட்சம் மக்களில் 1.6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடிமைகள். எட்டுப் பேரில் ஒருவர்! வயலோடு சேர்த்து ஆளையும் விற்றார்கள், ஒற்றிக்கு வைத்தார்கள். அடிமையின் பிள்ளையும் அடிமை. மால்ட் அம்மையாரின் பள்ளியில் அப்படிப்பட்ட அடிமைப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களில் சிலர் லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைச் சேர்த்துவைத்து, உடைமைக்காரனுக்கு விலையைக் கொடுத்து, தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கருவூலத்தில் எத்தனையோ தலைப்புகளில் வரவு எழுதியவன் நான். தன்னையே விலைக்கு வாங்கிய செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது?

1847இல் மிஷனரிகள் அடிமை முறையை ஒழிக்கக் கேட்டு மகாராஜாவுக்கு மனு கொடுத்தார்கள். 1853இல் ஒரு பகுதி விடுதலையும், 1855 ஜூன் மாதம் முழு விடுதலையும் அரச விளம்பரமாக வந்தன. சட்டம் அந்த இடத்துக்கு வந்துசேர்வதற்கு முன்பே சில பெண்பிள்ளைகள் நூலைப் பிடித்துக்கொண்டு அங்கே போய்விட்டார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே காலத்தில் அதே மண்ணில் பெண்கள் மாரை மறைப்பதற்கே போராட வேண்டியிருந்தது. தோள்சீலைக் கலகம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்று கர்னல் மன்றோ காலத்தில் உத்தரவு வந்தது. மிஷனரி மனைவிமார் தளர்வான சட்டை ஒன்றை வெட்டித் தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 1822 தொடங்கி கல்குளம், இரணியல் பக்கம் கலவரம். சந்தையில் சட்டையைக் கிழித்தார்கள், பள்ளிகளுக்குத் தீ வைத்தார்கள். 1859 ஜூலை 26ஆம் தேதி அறிவிப்பு வரும்வரை அது ஓயவில்லை. சீமைப் பெண்ணின் உடைக்கு விளிம்பு பின்னிக் கொடுத்த கைகள், தங்கள் தோளில் ஒரு துணியைப் போடுவதற்கு 37 வருடம் காத்திருந்தன. உடை என்பது அலங்காரம் மட்டும்தான் என்று நம் ஊர்க்காரர்கள் சொல்லவே கூடாது.

தொழில் பரவிற்று. மால்ட் தம்பதியின் மகள் எலைசா இங்கே வளர்ந்தவர். 1844இல் நாகர்கோயிலில் வைத்து அவருக்கும் கால்டுவெல்லுக்கும் கல்யாணம் நடந்தது. ஆமாம், ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். இடையன்குடிக்குப் போன எலைசா அங்கே பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். அந்தத் தேரிக்காட்டு ஊரின் பெயரோடு லேஸும் ஒட்டிக்கொண்டது. நெய்யூர்ப் பக்கம் பூத்தையல் வேரூன்றிற்று. என் சின்ன வயதில் எங்கள் பக்கத்துத் திண்ணைகளில் மத்தியானம் மூன்று மணிக்குப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தலையணை உறையில் பூ தைத்துக்கொண்டிருப்பார்கள். சாதி, மதம் பார்க்காமல் எல்லா வீட்டிலும் அந்த வட்டச் சட்டம் இருந்தது.

என் அம்மையும் அந்தத் திண்ணையில் இருந்தாள். இங்கே கதையின் மறுபக்கத்தைச் சொல்ல வேண்டும்.

1960களில் ஓர் ஏஜெண்ட் வாரத்துக்கு ஒருமுறை சைக்கிளில் வருவார். பூ அச்சடித்த துணியையும் நூலையும் கொடுப்பார், தைத்து முடித்ததை வாங்கிக்கொண்டு போவார். பூவுக்கு இத்தனை பைசா என்று கணக்கு. அந்தத் துணி கடைசியில் எந்த ஊருக்குப் போகிறது, என்ன விலைக்கு விற்கிறது என்று அம்மைக்குத் தெரியாது. ஒருநாள் நான் மாங்காய் பறித்துவந்து, பால் ஒட்டிய கையோடு அம்மை தைத்து வைத்திருந்த மேசைவிரிப்பைத் தொட்டுவிட்டேன். மாங்காய்ப்பால் கறை லேசில் போகுமா? ஏஜெண்ட் துணியின் விலையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வாரக் கூலி போயிற்று. கறை எப்படி வந்தது என்று அவர் கேட்டபோது அம்மை, "எனக்க கைதான் பட்டுது" என்றாள். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

தைத்த பணமும் அவள் கையில் நிற்காது. ஏஜெண்ட் அப்பாவிடம்தான் எண்ணிக் கொடுப்பார். வீட்டு ஆம்பிளையிடம் கொடுப்பதுதான் மரியாதை என்று வைத்திருந்தார்கள். அப்பா குடிக்கிறவரோ சீட்டாடுகிறவரோ இல்லை. அந்தப் பணம் வீட்டுக்கே செலவாயிற்று. ஆனாலும் அம்மை சொல்வாள், "கையில நாலு சக்கரம் வேணும் மக்கா. கேட்டு வாங்கப்பட்ட சக்கரம் சக்கரம் இல்லை." திருவிதாங்கூர்ச் சக்கரம் செல்லாமல் போய் வெகுகாலம் ஆகியும் அவளுக்குப் பணம் என்றால் சக்கரம்தான். அந்தக் காலத்துச் சக்கரம் இருபத்தெட்டு சேர்ந்தால் ஒரு ரூபாய்.

இந்தச் சங்கடம் அம்மைக்கு மட்டும் உள்ளதல்ல. ஆந்திராவில் கோதாவரிக் கரையில் உள்ள நரசாபூரிலும் மிஷனரிகள் வழியாகத்தான் லேஸ் பின்னல் வந்தது. மரியா மீஸ் என்ற ஜெர்மானியப் பெண்மணி அங்கே போய் ஆராய்ந்து 1982இல் ஒரு புத்தகம் போட்டார். தினமும் ஆறு மணி, எட்டு மணி நேரம் பின்னும் பெண்களை யாரும் தொழிலாளி என்று எண்ணவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் ஏதோ செய்கிறாள் என்று சொல்லி, கூலியை அடிமட்டத்தில் வைத்தார்கள். ஏற்றுமதி செய்தவர்கள் பணக்காரர் ஆனார்கள். பொம்மைச் சட்டையிலும் இதே கதை உண்டு. 1959இல் அமெரிக்காவில் பார்பி பொம்மை வந்தது. பதினொன்றரை அங்குல உயரம். முதலில் வந்த பார்பிகளின் ஆடைகளைத் தைத்தவர்கள் ஜப்பானில் வீட்டிலிருந்தபடி கைவேலை செய்த பெண்கள். பொம்மையின் பெயரை உலகமே அறியும். தைத்தவள் பெயர் யாருக்குத் தெரியும்?

ஆக ஊசி மட்டும் யாரையும் விடுவிப்பதில்லை. அதே ஊசிதான், அதே நூல்தான். மால்ட் அம்மையாரின் பள்ளிப் பிள்ளை தன்னை மீட்டுக்கொண்டாள், நரசாபூர்க்காரி கடைசிவரை கண்ணைக் கெடுத்துக்கொண்டாள். வித்தியாசம் ஒன்றுதான். கடைசியில் காசு யார் கையில் வந்து விழுகிறது?

இவ்வளவும் யோசித்த பிறகு, ஒருநாள் மத்தியானம் பேத்தியைக் கூப்பிட்டுக் கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன். பழைய தொழில் புத்தி போகுமா? ஒரு கவுன் 650 ரூபாய். துணி, பட்டன், நூல் எல்லாம் 110. பெட்டியும் தபாலும் 70. விற்றுக்கொடுக்கும் இணையக் கடைக்குக் கழிவு 97. மிச்சம் 373. ஏழு மணி நேர வேலைக்கு வகுத்தால் மணிக்கு 53 ரூபாய். கொத்தனாருக்குக் கையாளாகப் போனால் இதைவிடக் கூடுதல் கிடைக்கும். அதிலும் அந்தத் தபால் காசை இதுவரை நான் பென்ஷனிலிருந்து கட்டி வந்தேன். அதையும் அவள் லாபத்தில் சேர்த்துப் பார்த்து ஏமாந்திருக்கிறாள்.

"சரி, இந்த 373 எங்க வருது?" என்று கேட்டேன்.

"அப்பாக்க அக்கவுண்டுக்கு. அப்பாக்க போன் நம்பர்லதான் தொடங்கினது."

"அதுக்குப் பிறகு?"

"தெரியல்ல தாத்தா. கரண்டு பில்லு, கேசு எல்லாம் அதுல இருந்துதான் போகும்."

என் மகன் நல்லவன். வேணுமென்று செய்யவில்லை. அவனைக் கேட்டால், "வீட்டுப் பணம் எல்லாம் ஒண்ணுதானே அப்பா" என்பான். என் அப்பாவும் அதையேதான் சொல்லியிருப்பார். எனக்குத் திண்ணையும், சைக்கிளும், எண்ணிக் கொடுத்த நோட்டும் கண்முன்னே வந்தன.

அப்பா அறியாமல் அம்மை ஒரு காரியம் செய்திருந்தாள். ஏஜெண்டுக்குத் தைத்ததற்கு மேல், இரவு சிம்னி வெளிச்சத்தில் பக்கத்து வீடுகளின் கல்யாணப் பெண்களுக்குத் தலையணை உறை தைத்துக் கொடுத்து, அந்தக் காசை மட்டும் டிரங்குப் பெட்டியில் லேஸ் சுருளுக்கு நடுவே வைத்திருந்தாள். 1970இல் நான் தட்டச்சுப் படிக்க வேண்டும் என்றபோது அப்பாவிடம் பணம் இல்லை. அம்மை பெட்டியைத் திறந்து எடுத்துத் தந்தாள். அந்தத் தட்டச்சுச் சான்றிதழ்தான் இரண்டு வருடத்தில் எனக்குச் சர்க்கார் உத்தியோகம் வாங்கிக் கொடுத்தது. இன்று மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறதே, அதன் அடியில் மாங்காய்ப்பால் கறையும் இருக்கிறது, சிம்னிப் புகையும் இருக்கிறது. அம்மை கையில் கொஞ்சம் காசு தங்கியதால் நான் கரையேறினேன். அவள் கையில் முழுக் காசும் தங்கியிருந்தால் அவளே எங்கெல்லாமோ ஏறியிருப்பாள்.

மறுநாள் காலை பேத்தியைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். அவள் பெயரில் தனிக் கணக்கு. கைப்பேசியில் கடையின் கணக்கு எண்ணையும் மாற்றினாள். மகனிடம் நானே சொன்னேன். முதலில் முகம் கொஞ்சம் மாறிற்று. அம்மையின் டிரங்குப் பெட்டிக் கதையை அவனுக்கு முதல்முறையாகச் சொன்னேன். பிறகு அவன் ஒன்றும் பேசவில்லை. கரண்டு பில்லை மட்டும் அவனே கட்டத் தொடங்கினான்.

கவுன் விலையை அவள் 900 ஆக்கினாள். இரண்டு வாரம் ஓர் ஆர்டரும் இல்லை. வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் மைசூரிலிருந்து ஓர் அம்மாள் நாலு மரப்பாச்சி ஜோடிக்கு உடுப்புக் கேட்டார். இப்போது மாதத்தில் முன்னைவிடக் குறைவாகத் தைக்கிறாள், கையில் கூடுதலாக நிற்கிறது. அம்மையின் லேஸ் தீர்ந்துபோகும் என்பதால் கடைசி ஒரு முழத்தை வெட்டாமல் எடுத்து வைத்திருக்கிறாள்.

முதல் மாதம் கணக்கில் பணம் விழுந்த அன்று என்னிடம் வந்தாள்.

"தாத்தா, இதுவரைக்கும் நீங்க கட்டின தபால் காசு எவ்வளவு?"

"அதெல்லாம் வேண்டாம் மக்கா."

"வேணும். கேக்கப்பட்ட கணக்கைச் சொல்லுங்க."

கருவூலத்துக்காரனிடமா கணக்கு இருக்காது? தேதி வாரியாக எழுதி வைத்திருந்த நோட்டை எடுத்து நீட்டினேன். 2,310 ரூபாய். எண்ணித் தந்தாள். வாங்கிக்கொண்டேன். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.